மிலிட்டரிக்காரருக்கு டான்ஸா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஊத்தங்கரை வாசகி ஒருவருக்குப் பதில் எழுதும்போது, பட்டாளத்தில் இருந்து வந்து தூக்கமில்லாமல் தவிக்கும் அவருடைய அண்ணனுக்கு மருந்தோடு சேர்த்து ‘நடன அசைவு சிகிச்சை’ என்று ஒன்று இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்று ஒற்றை வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் என் மேசை முழுக்க. பாதிப் பேர் என்ன அது என்று கேட்டிருக்கிறார்கள், மீதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். அதனால் மாமியார் பிரச்சினை, பிளஸ் டூ மார்க் எல்லாம் அடுத்த மாதம். இந்த முறை பட்டாளத்து வீடுகள் மட்டும்.

அக்கா, என் வீட்டுக்காரர் 22 வருஷம் சர்வீஸ் முடித்து ஹவில்தாராக வந்தார். கடைசியாக இருந்தது காஷ்மீர். வந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஜல்லி குவாரி. சாயங்காலம் வெடி வைக்கும்போது எங்கே இருந்தாலும் சட்டென்று கீழே உட்கார்ந்துவிடுகிறார். ஒரு கல்யாணப் பந்தியில் அப்படி ஆகிவிட்டது, அதிலிருந்து எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. ராத்திரி கத்தும்போது நான் தொட்டு எழுப்பினால் என் கையை முறுக்குகிறார், முழிப்பு வந்ததும் அழுகிறார். பைத்தியக்கார டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். நீங்கள் டான்ஸ் என்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! ஆடினால் சரியாகுமா அக்கா?
பெயர் வேண்டாம், பர்கூர் அருகே

அவர் சிரித்தது நல்லது தங்கச்சி. ஆனால் முதலில் இன்று ராத்திரிக்கான விஷயம்: தொட்டு எழுப்பாதீர்கள். கட்டிலின் கால்மாட்டில், அவர் கை எட்டாத தூரத்தில் நின்று, விளக்கைப் போட்டுவிட்டு, வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். ‘நான்தான், நம்ம வீட்லதான் இருக்கோம்’ என்று இரண்டு மூன்று முறை மெதுவாகச் சொல்லுங்கள். அவர் முறுக்குவது உங்கள் கையை என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது, தூக்கத்தில் இருந்து வெளியே வந்து இது யார், எந்த இடம் என்று புரிவதற்குள் 22 வருஷப் பழக்கம் முந்திக்கொள்கிறது. முழித்திருக்கும்போதும் கை நீண்டால் அது வேறு கதை. அதைப் பொறுத்துப் போகச் சொல்லி நான் எழுதமாட்டேன், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

குவாரி வெடிக்கும் இதே கணக்குதான். சத்தம் கேட்டதும் குனிந்தவர் பிழைத்த இடத்தில் இருந்து வந்தவர் அவர். ஊருக்கு வந்துவிட்டோம், பென்ஷன் வருகிறது, பையன் எட்டாவது படிக்கிறான் என்பதெல்லாம் புத்திக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியாது. முதல் உலகப்போர் நடக்கும்போதே, 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்று இதைப்பற்றி ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். அப்புறம் அதைக் கோழைத்தனம் என்று சொன்னவர்களும் உண்டு, நடிப்பு என்று சொன்னவர்களும் உண்டு. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்ற பெயரோடு ஏறியது. நடந்தது இப்போதுதான் நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வருவது, அதை ஞாபகப்படுத்தும் எதிலிருந்தும் ஒதுங்குவது, எந்நேரமும் ஆபத்து வாசலில் நிற்பதுபோல் உடம்பு விறைத்திருப்பது, இந்த மூன்றையும் டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பார்கள். உங்கள் கடிதத்தில் ராத்திரி, விசேஷம், குவாரி என்று மூன்றுமே இருக்கின்றன. முடிவு சொல்ல வேண்டியது நான் இல்லை, டாக்டர்.

சரி, டான்ஸுக்கு வருவோம். அந்த வார்த்தையே ஆளை மிரட்டுகிறது. மேடை, சலங்கை, ஸ்டெப், பார்க்க ஆள் ஒன்றும் கிடையாது. நான் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன், புரியும்.

ஓசூரில் ஒரு ஹால், ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் இருந்து முறையாகப் படித்த சிகிச்சையாளர் ஒரு பெண் மாதம் இரண்டு முறை வந்துபோனார், நான் உதவிக்கு. ஏழு பேர், எல்லாரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் வட்டம் காணாமல் போய்விட்டது, ஒவ்வொருவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டார்கள், முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் அவர்களால் உட்கார முடியவில்லை. கதவு தெரிகிற நாற்காலிக்குத்தான் போட்டி. அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை நாங்களே சுவரோரம் போட்டுவைத்தோம்.

அதில் ஒருவர் ஷூவைக் கழற்றவில்லை, யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை. மூன்று முறை வந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நாலாவது முறை, தப்பு மெதுவாக அடிக்கும் ஒரு பதிவு ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய வலது ஷூவின் முனையில், பெருவிரல் இருக்கும் இடத்தில், தோல் லேசாக ஏறி இறங்கியது. சத்தியமாக எனக்கு அது கண்ணில் படவில்லை. சிகிச்சையாளர் பார்த்துவிட்டார். வாயைத் திறக்காமல் தன் கால் பெருவிரலை அதே வேகத்தில் ஏற்றி இறக்கினார். இவர் நிறுத்தினார், அந்தம்மாவும் நிறுத்தினார். இவர் இரண்டு முறை வேகமாகத் தட்டினார், அந்தம்மாவும் இரண்டு முறை. ஒரு நிமிஷம் இருக்கும், பெருவிரலும் பெருவிரலும் பேசிக்கொண்டன. அப்புறம் இவர் தலையை நிமிர்த்தி, ‘என்ன மேடம், காப்பி அடிக்கிறீங்களா?’ என்றார். அந்த ஹாலில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்தக் காப்பி அடிப்பதுதான் இந்தச் சிகிச்சையின் பழைய உத்திகளில் ஒன்று. எதிரே இருப்பவரின் அசைவை வாங்கித் திருப்பிக் கொடுப்பது. கேலியாக இருக்கக் கூடாது, நான் உன்னைப் பார்க்கிறேன், உன் வேகத்திலேயே வருகிறேன் என்று சொல்வதாக இருக்க வேண்டும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போவார்கள்: ஒரு துண்டின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்து இழுத்து அவரவர் எடையை உணர்வது, பாதம் முழுவதும் தரையில் பதிகிறதா என்று பார்ப்பது, காது வரை ஏறிக்கிடக்கும் தோளை இறக்கிப் பார்ப்பது, மூச்சை எங்கே பிடித்து வைத்திருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது. பதற்றம் ஏறுவது உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால் அது தலைக்கு ஏறுமுன் பிடிக்க ஒரு வழி கிடைக்கும்.

ஷூ போட்டவர் எட்டு மாதம் வந்தார். தீபாவளி ராத்திரி இன்னமும் கதவை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் சலூனுக்குப் போகிறார். முதுகுக்குப் பின்னால் கத்திரியோடு ஒரு ஆள் நிற்க, உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்கிறார். அதற்கு முன் ஆறு வருஷம் அவர் மனைவிதான் வெட்டிவிட்டாராம். அவர் டாக்டர் கொடுத்த மாத்திரையும் சாப்பிட்டார், கவுன்சிலிங்கும் போனார், எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

அதனால் ‘ஆடினால் சரியாகுமா’ என்பதற்கு நேர்ப்பதில்: அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பி.டி.எஸ்.டி.க்கு நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சைகள் வேறு. நடந்த சம்பவத்தைப் பயிற்சி பெற்றவரின் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் பேச்சுச் சிகிச்சைகள், கண்ணசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர்., செர்ட்ரலின், பராக்சடின் போன்ற மருந்துகள். நடன அசைவு சிகிச்சைக்கு ஆதாரம் இன்னும் மெலிவுதான். மனச்சோர்வுக்கு இது உதவுமா என்று 2015இல், மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆய்வுகள் குறைவு, சிறியவை, உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் முடித்தார்கள். வாயைத் திறந்து பேசவே முடியாத ஆளை ஓர் அறைக்குள் நாலு பேரோடு உட்கார வைக்க இது ஒரு வழி. நான் இதைச் சொல்வது அதற்காகத்தான்.

‘பைத்தியக்கார டாக்டர்’ என்ற பேச்சை விடுங்கள். தூக்கத்துக்கு டாக்டர் என்று சொல்லிக் கூப்பிடுங்கள், வருவார். பொய்யும் இல்லை. அவரிடம் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு இருக்கும், அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் சொன்னால் மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுப்பார்கள். அது அலைச்சல் என்றால் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டை விட்டே நகரமாட்டேன் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற மாதிரி அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

அம்மணி, நான் 28 ஆண்டுகள் பணியாற்றி சுபேதாராக ஓய்வு பெற்றவன். தங்கள் பதிலைப் படித்து வருந்தினேன். எல்லையில் நின்றவனை ஆடச் சொல்வது அவமானம். எங்களுக்குத் தெரிந்தது டிரில். வீரனுக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? விளக்கவும்.
ஒரு முன்னாள் படைவீரர், பென்னாகரம்

ஐயா, வணக்கம். சம்பந்தம் நான் கட்டிவிட்டது இல்லை. தொல்காப்பியப் புறத்திணையியலில் வாகைத் திணையைப் புரட்டுங்கள், முன்தேர்க் குரவை, பின்தேர்க் குரவை என்று இரண்டு ஆட்டம் வருகிறது. போரில் வென்றபின் தேருக்கு முன்னாலும் பின்னாலும் ஆடியது. அது வெற்றி ஆட்டம், சிகிச்சை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர்க்களத்தில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஓர் ஆட்டம் இருந்திருக்கிறது, அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சையின் கதையைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். மரியன் சேஸ் என்ற அமெரிக்க நடனக்காரர் 1942இல் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனையில் வேலை செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் நடக்கிறது, திரும்பி வந்த சிப்பாய்கள் வார்டு வார்டாக இருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசுவதற்கு டாக்டர்கள் போதவில்லை, பேசினாலும் பலர் வாயைத் திறப்பதில்லை. சேஸ் அவர்களை வட்டமாக நிறுத்தி, யார் எப்படி அசைகிறார்களோ அதையே எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார். பிறகு 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். அதாவது பட்டாளத்துக்காரர்களுக்குப் புதிதாகக் கொண்டுபோய்த் திணித்த வைத்தியம் என்று இதைச் சொல்ல முடியாது, தொடக்கத்திலேயே அவர்கள் அந்த அறையில் இருந்தார்கள்.

டிரில் என்றீர்கள். அது நல்ல வார்த்தை, அதையே பிடித்துக்கொள்கிறேன். சாவ்தான் என்றால் நேராக நில், விஷ்ராம் என்றால் தளர்ந்து நில், தேஸ் சல் என்றால் வேகமாக நட, தம் என்றால் நில். இந்த நாலு சொல்லுக்கு உங்கள் உடம்பு யோசிக்காமல் அசையும், இன்றைக்கும் யாராவது பின்னால் நின்று கத்தினால் குதிகால் சேர்ந்துவிடும், இல்லையா? நூறு பேர் ஒரே அடியாக வைப்பதில் இருக்கும் சுகமும் உங்களுக்குத் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ரிடையர் ஆனபின் ‘தம்’ சொல்ல ஆள் இல்லை ஐயா. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு தேஸ் சல் போட்டு ஓடும்போது யார் நிறுத்துவது? அந்த ஹாலில் நான் பார்த்தவர்களுக்கு மிகக் கஷ்டமாக இருந்த பயிற்சி எது தெரியுமா, ‘எப்போது நிற்கத் தோன்றுகிறதோ அப்போது நில்லுங்கள்’ என்று சொன்னதுதான். நடந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் கேட்டார், ‘மேடம், எப்போ தம் சொல்வீங்க?’ சிகிச்சையாளர் சொல்லமாட்டேன் என்றதும் கோபப்பட்டார். நாலைந்து சுற்றுக்கு அப்புறம் ஜன்னலோரம் போய், தானாக நின்றார்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள், உங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆநிரைக்காகச் சண்டை போட்டு, உடம்பில் அம்பு தைத்து விழுந்தவர்களுக்கு ஊர் எடுத்த கல். அதே சண்டையில் அம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீடு திரும்பியவனும் இருந்திருப்பான் அல்லவா, அவன் ராத்திரியில் எப்படித் தூங்கினான் என்று எனக்கு அங்கே போகும்போதெல்லாம் தோன்றும்.

உங்களுக்கு இது தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள், யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் உங்கள் கீழ் வேலை பார்த்த பையன் ஒருவன் போகலாமா என்று உங்களைத்தான் வந்து கேட்பான். அவனிடம் அவமானம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என் தம்பி பட்டாளத்தில் இருந்து பாதியில் வந்தவன். யாரிடமும் பேசமாட்டான். ஆனால் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் பம்பை அடித்தால் சாமி வந்து ஆடுகிறான். மலையேறியதும் நாலு நாள் குழந்தை மாதிரி தூங்குகிறான். இதுவும் நீங்கள் சொல்லும் சிகிச்சையும் ஒன்றுதானே? பிறகு எதற்கு டாக்டர்?
காரிமங்கலம் வாசகி

இந்த மாதக் கடிதங்களில் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது இதுதான்.

ஒன்று இல்லை. ஆனால் தூரத்துச் சொந்தம். பம்பையின் அடி ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும், சுற்றிலும் தெரிந்த முகங்கள், விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள், முகத்தில் தண்ணீர், நெற்றியில் திருநீறு. வருஷம் முழுக்க வாயடைத்துக் கிடப்பவன் அன்றைக்குக் கத்தலாம், அழலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஊரே கையெடுத்துக் கும்பிடும். ஓர் ஆளை ஊர் இவ்வளவு பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உடம்பு அசந்து தூங்குகிறது என்றால் தூங்கட்டும்.

வித்தியாசம் எங்கே என்றால், சாமி ஆடி முடித்தவனிடம் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ‘தெரியாது’ என்பான். சிகிச்சையில் அந்தத் ‘தெரியாது’ ஆகாது. பெரிய அதிர்ச்சி பட்டவர்களில் சிலருக்கு, தாங்க முடியாத நேரத்தில் உடம்பை அங்கேயே விட்டுவிட்டு மனசு எங்கோ போய்விடும் பழக்கம் வந்துவிடுகிறது, நீங்கள் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி வெறித்துப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவரை இன்னும் தன்னை மறக்கச் செய்வது உதவாது, தன் கை, தன் கால், இந்தத் தரை, இன்றைய தேதி என்று தன்னிடமே திரும்பி வருவதற்குத்தான் அங்கே பழக்குகிறார்கள். அதனால் வேகம் ஏறிக்கொண்டே போனால் சிகிச்சையாளர் குறைப்பார். உங்கள் வார்த்தையிலேயே சொன்னால், ஒவ்வொரு முறையும் நன்றாக மலையேற்றித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

தவிர, பண்டிகை வருஷத்துக்கு ஒருமுறை. அந்த நாலு நாளைக் கழித்தால் மீதி நாள் உங்கள் தம்பி என்ன செய்கிறான்? அதற்குத்தான் டாக்டர். பண்டிகையை நிறுத்த வேண்டாம், பூசாரியிடம் மட்டும் இவன் வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது, மாத்திரை சாப்பிடுகிறவன் என்று காதில் போட்டு வையுங்கள்.

கூத்தைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நாள் கணக்கில் நடந்து, கடைசியில் படுகளம் வைப்பார்கள், துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கவைத்து. ஒரு முழுப் போரை ஊர் உட்கார்ந்து பார்த்து முடித்து வைக்கிறது. சிலருக்கு அது ஆறுதல், சிலரால் அரவான் களப்பலியைக்கூட உட்கார்ந்து பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுவார்கள். எழுந்து போகிறவரைக் கையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மேடம், நான் பரதநாட்டியம் டிப்ளமோ முடித்து ஓசூரில் கிளாஸ் எடுக்கிறேன். முன்னாள் ராணுவத்தினருக்கு இலவசமாக டான்ஸ் தெரபி ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.
நடன ஆசிரியை, ஓசூர்

ஆசீர்வாதம் உண்டு, ஆனால் அந்தப் பெயரில் ஆரம்பிக்க வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அரைமண்டி நன்றாகப் போடுவதற்கும், ஒருவர் நடுவில் உறைந்துபோய் நிற்கும்போது என்ன செய்வது என்று தெரிந்திருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. நடராஜர் படத்தை மாட்டி ‘தெரபி’ என்று போர்டு வைத்திருக்கும் இடங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

படிப்பு இருக்கிறது, படியுங்கள். இந்தியாவில் இந்தத் துறைக்கு வழி போட்டவர்களில் திரிபுரா காஷ்யப் முக்கியமானவர், நாட்டியம் கற்றுவிட்டு அமெரிக்காவில் இதைப் படித்து வந்தவர். கொல்கத்தாவில் சோஹினி சக்ரவர்த்தி 2004இல் தொடங்கிய ‘கொல்கத்தா சன்வேத்’ அமைப்பு, கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களோடு நடனத்தின் வழியாக வேலை செய்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் டிப்ளமோவும் நடத்தியிருக்கிறார்கள். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021இல் வந்த மத்தியச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடன, அசைவு சிகிச்சையாளர் என்ற தொழிலையும் சேர்த்திருக்கிறார்கள், அதனால் இனிமேல் பட்டம் எங்கே என்ற கேள்வி வரத்தான் போகிறது.

அதுவரை உங்களால் ஆகக்கூடியது நிறைய. படித்த சிகிச்சையாளர் ஒருவர் வந்தால் உங்கள் ஹாலைக் கொடுங்கள். நம் ஊரில் இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. கொடுக்கும்போது சுவரளவுக்கு மாட்டியிருக்கும் அந்தக் கண்ணாடியைத் திரை போட்டு மூடிவிடுங்கள், பின்னால் யாரோ அசைவது கண்ணாடியில் தெரிந்தாலே சிலருக்குப் போதும். கதவைப் பூட்டாதீர்கள். லைட்டை அணைத்து ‘கண்ணை மூடுங்கள்’ என்று சொல்லும் வழக்கம் உங்கள் கிளாஸில் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். பாட்டு போடுமுன் ‘போடப்போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும். கேட்காமல் யாருடைய தோளையும் தொட்டுத் திருத்தக் கூடாது, இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், டீச்சர் கை சும்மா இருக்காது.

சி.ஆர்.பி.எஃப்.பில் இருந்து வந்தவன். சத்தீஸ்கரில் இருந்தேன். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போனால் எங்களுக்கு இல்லை என்கிறார்கள். நாங்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம்?
அரூர் வாசகர்

பாவம் ஒன்றும் செய்யவில்லை தம்பி, அமைச்சகம் வேறு. ராணுவம், கடற்படை, விமானப்படைதான் ‘முன்னாள் படைவீரர்’ கணக்கில் வரும். இ.சி.எச்.எஸ். உங்களுக்குக் கிடையாது, மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ்.தான். கண்ணிவெடிக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் இந்தப் பிரிவினை கிடையாது, ஆதார் கார்டோடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே டாக்டரைப் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போகலாமா என்றும் கேளுங்கள், அரூரில் இருந்து பெங்களூர் பெரிய தூரம் இல்லை.

முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. நானும் வரலாமா?
கிருஷ்ணகிரி

வரலாம். முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம், செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டோ கழற்றி வைத்துவிட்டோ, உங்கள் இஷ்டம். இல்லாத கால் வலிக்கிறது என்றால் அதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அது கற்பனை இல்லை, அதற்குப் பெயரும் வைத்தியமும் உண்டு.

ஆன்ட்டி, நான் பதினொன்றாவது படிக்கிறேன். எங்கள் ஊர் காட்டோரம். ராத்திரி ராகிக் காட்டுக்கு யானை வந்தால் வெடி போடுவார்கள். அப்பா மிலிட்டரியில் இருந்தவர். வெடி போட்ட அடுத்த நாள் முழுக்க யாரோடும் பேசமாட்டார், வீட்டையே சுற்றிச் சுற்றி நடப்பார். அம்மா அழுவாள். டாக்டரிடம் போகிறோம், மாத்திரை சாப்பிடுகிறார். இங்கே டான்ஸ் தெரபி எல்லாம் கிடையாது. நானே அப்பாவோடு ஏதாவது செய்யலாமா? யூட்யூப் பார்த்து?
தேன்கனிக்கோட்டை பக்கம்

யூட்யூப் வேண்டாம் கண்ணு. சிகிச்சை செய்வது உன் வேலை இல்லை, நீ அவர் மகள், அதுவே போதும். அப்பாவிடம் என்ன நடந்தது என்று கேட்டுத் துருவவும் வேண்டாம்.

ஒன்று செய்யலாம், வெடி விஷயத்தில். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் அம்மாவை விட்டுப் பேசச் சொல், யானை வந்துவிட்டது, போடப்போகிறோம் என்று போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். எதிர்பார்த்துக் கேட்கும் சத்தமும் திடீரென்று விழும் சத்தமும் உடம்புக்கு ஒன்று இல்லை.

அப்புறம், அடுத்த நாள் அவர் வீட்டைச் சுற்றி நடக்கும்போது, ‘அப்பா, நானும் வரட்டுமா’ என்று கேள். வேண்டாம் என்றால் திண்ணையில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுது, அவர் சுற்றி வரும்போது கண்ணில் பட்டால் போதும். சரி என்றால், பின்னால் போகாதே, பக்கத்தில் போ, அவருக்கு உன் முகம் தெரிகிற மாதிரி. பேச வேண்டாம். அவர் வேகம் என்னவோ அதே வேகம். அவர் நின்றால் நில். பட்டாளத்தில் இடது காலைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள், அவருக்கு இன்னும் அது போயிருக்காது, நீயும் இடதிலேயே ஆரம்பி.